ஆள் வர்ற இடம்

பெல்ஜியத்தில், ஒரு காலத்தில் எதிரிகளை ஓட ஓட விரட்டிய கால்பந்துக் கிளப்பின் அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. தன் பக்கத்தில் அடுத்த வருஷக் கோப்பைக்கு இடம் போட்டு வைப்பது அதன் வழக்கம். கிளப் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய பிறகும் கோப்பை அந்த வழக்கத்தை விடவில்லை.

ஒருநாள், தோற்றுத் திரும்பிய ஆட்டக்காரர் ஒருவர் சேறு அப்பிய பந்தை அந்தக் காலி இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"ஏய், எழுந்திரு! அங்கே ஆள் வருது" என்று சீறியது கோப்பை.

"யாரு போய்க் கூட்டிட்டு வர்றாங்க?" என்றது பந்து.

கோப்பை திகைத்தது. கோப்பைகள் தாமாகவே வரும் என்றுதான் அது இத்தனை காலமும் நினைத்திருந்தது.

"சரி, வர்ற வரைக்கும் உட்காரு" என்றது பெருந்தன்மையாக.

"நான் இங்கே உட்கார்ந்தா அது எப்படி வரும்?" என்று கேட்டுக்கொண்டே குதித்து, மைதானத்தைப் பார்த்து உருண்டது பந்து.