புதுமுகத்துக்கு மதிப்பெண்

கம்ப்யூட்டரே ஆடி முடிக்கும் கால்பந்து லீக் அது. லிங்கேஸ்வரன் தன் அணிக்கு முதல் ஆளாக எடுத்த கம்ப்யூட்டர் புதுமுகத்துக்கு வேகம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. ஆனாலும் சீசன் முழுவதும் அவன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஏன் என்பது லிங்கேஸ்வரனுக்குப் புரியவே இல்லை.

போடியில் தன் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தபடி, லீக்கை நடத்தும் இம்மானுவேல் புதுமுகங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். லிங்கேஸ்வரன் எடுத்த மற்ற புதுமுகங்கள் ஏற்கெனவே ஃபெயில்; இவனும் ஃபெயில் என்றால், லீக் விதிப்படி அவன் அணியைக் கலைத்துவிடுவார்கள்.

"மாப்ள, பிள்ள மாதிரி வளத்த டீம்டா. பாத்துப் போடு," என்று எதிரில் உட்கார்ந்திருந்த லிங்கேஸ்வரன் கெஞ்சினான்.

"கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னே தெரியாதவனுக்கு என்னத்தப் போட?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. ஒருக்கா பாருடா!" லிங்கேஸ்வரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

இம்மானுவேல் ஆட்ட விவரத்தைத் திறந்தான். "ஏலே, இவன் பந்தக் கையாலதாண்டா தொட்டிருக்கான்! சட்டைக்கு என்ன நம்பர் குடுத்த?"

"ஒண்ணு. மொதல்ல எடுத்தவனுக்கு அந்த மருவாதி வேணாமா?"

இம்மானுவேல் தலையில் அடித்துக்கொண்டான். "நம்பரப் பாத்துத்தான் கம்ப்யூட்டர் ஆள நிறுத்தும். ஒண்ணுன்னா கோல்கீப்பர்! ஆனா லீக்லயே கம்மியா கோல் விட்டது இவன்தான். பாஸ் போட்டுட்டேன், டீம் இருக்கும்."

"அடுத்த சீசனுக்கு?"

"ஒம்போது குடு. முன்னால நின்னு கோல் அடிப்பான்."