தற்காலிக அடைப்பு

“பிடுங்கிறதுதான் நல்லம்” என்றார் டொக்டர் கனகாம்பிகை.

சுமனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏன், தோட்டத்து ஆளுன்னா பிடுங்கித்தான் போடுவீங்களா? இப்ப வெளிய போன டவுன் அம்மாவுக்கு வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சீங்கதானே? எங்கம்மா வாய் மட்டும் இளப்பமா?”

“பல்லு அம்மாவுக்கு, வலி மகனுக்கா?” என்று வெளியே பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாக்கண்ணு மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் அடங்கவில்லை. ‘முருகா, சண்டை வேணாம்பா’ என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

ஆனாலும் அந்தப் பல்லை விட அவளுக்கு மனசில்லை. ஒரு வாரமாகக் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறித்தாள். இடப்பக்கம் ஏற்கெனவே பொக்கை. வாயில் மெல்லுவதற்கென்று மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான்.

“தம்பி, கத்தாதேங்கோ” என்றார் டொக்டர். “வேரைச் சுத்தம் செய்யிறது பாதி வேலைதான். இண்டைக்கு மேலால தற்காலிகமாத்தான் அடைப்பன். ரெண்டு கிழமையில, பதினாலு நாளுக்குள்ள, வந்து நிரந்தரமா மூடவேணும். வராட்டி அந்த அடைப்புத் தேஞ்சு, இடுக்கால எச்சில் உள்ள கசியும். கிருமி போய்த் திரும்பச் சீழ் பிடிக்கும். செய்ததெல்லாம் வீண்.”

“அதெல்லாம் கட்டாயம் வருவாங்க!”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. உங்கட தோட்டத்து வீரம்மாவும் சொன்னவ. அஞ்சு கிழமையாச்சு, ஆளைக் காணேல்ல. ஆள் விட்டுக் கேட்டன். கொழுந்து கூடின நேரம், இப்ப லீவெடுத்தா இனி வேலைக்கே வராதை எண்டு கணக்குப்பிள்ளை சொல்லிப்போட்டாராம். முகம் வீங்கினாப் பிறகு என்னட்டை வந்து என்ன செய்யிறது? பிடுங்கினா, ஒருநாள் நோவோட முடிஞ்சிடும்.”

சுமன் சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டொக்டருக்கு அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்க்க என்னவோ போலிருந்திருக்க வேண்டும். ஒரு தாளை இழுத்து இரண்டு வரி எழுதினார்.

“சரி, ஒண்டு செய்யுங்கோ. ரெண்டு கிழமையில இவவை அனுப்புறன் எண்டு உங்கட கணக்குப்பிள்ளையிட்ட இதில கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ. அண்டைக்கே தொடங்குவன். கோவிக்காதேங்கோ அம்மா.”

அம்மாக்கண்ணு வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தாளை வாங்கி மகனின் கையில் வைத்தாள்.

“இங்கனயே போட்டுடு சாமி, நீதானே கணக்குப்பிள்ளை. அப்படியே வீரம்மாவுக்கும் ஒண்ணு போட்டுடு.”