பார்க்காமல் அடிப்பவர்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி ஸ்ப்ரெட்ஷீட் ஷார்ட்கட்டில் முழுமை பெற்றது என்பது சத்யநாராயணனின் தீர்மானம். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பவர் என்று மறைமலை நகர் ஃபேக்டரியில் அவருக்குப் பேர். அந்தப் பேரை வைத்தவரும் அவரே.

ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள், புதியவர்களுக்கு ஷார்ட்கட் வகுப்பெடுக்க உட்கார்ந்தவர் எல்லார் முன்னாலும் கொதித்தார்.

"அப்டேட்னு சொல்லி எல்லாத்தையும் மாத்திட்டானுங்க! கன்ட்ரோல் சி அடிச்சா பேஸ்ட் ஆகுது, வி அடிச்சா காப்பி ஆகுது!"

"என் சிஸ்டத்துல பழையபடிதான் சார் இருக்கு," என்றாள் புதிதாகச் சேர்ந்த ஜெரூஷா.

"சீனியருக்குத்தாம்மா முதல்ல வரும்."

அவள் அவருடைய கீபோர்டை எட்டிப் பார்த்தாள். "பூஜைக்கு பட்டனெல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டினது யாரு சார்?"

"நான்தான். வேற யாரையும் தொடவிடல."

சி இருந்த இடத்தில் வி-யும், வி இருந்த இடத்தில் சி-யும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன.

பார்க்காமல் அடித்திருந்தால் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும்.