வலது கைக் குப்பி

லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். குப்பி தூக்குகிறவர்களுக்குப் படிதான்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து லேபுக்கு மூன்று மாடி இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இறங்குகிறாள். முட்டி இரண்டும் எப்போதோ கைவிட்டுவிட்டன.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இன்று வெட்டி எடுத்த கட்டிகள் அவளுடைய சொந்தத் தம்பியுடையவை.

மூக்கில் ஒன்று, தொண்டையில் ஒன்று, தனித்தனிக் குப்பியில். ஒரு வருஷமாக வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, நாலு வாய் சோற்றை முக்கால் மணி நேரம் விழுங்கிக்கொண்டிருந்தான். வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும், ஆனால் லேப் சொல்லாமல் தானும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் நழுவிவிட்டார். லேப் சொல்ல ஒரு வாரம் ஆகும்.

அக்காவுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கொழுப்பு என்றால் குப்பியில் ஊற்றிய மருந்தில் மிதக்கும். மற்றது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, அவள் கணக்கு தப்பியது குறைவு.

இதை என்றைக்கோ தம்பியிடம் உளறித் தொலைத்திருந்தாள்.

"அப்போ நான் ஆத்துல விழுந்தா பொழச்சுக்குவேன்" என்று அன்றைக்குத் தொந்தியைத் தட்டிச் சிரித்தான். இன்று காலை தியேட்டருக்குள் போகும்போது சிரிக்கவில்லை. பார்த்துச் சொல்லு என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். வலது கையிலிருந்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

மஞ்சளாக ஒரு துண்டு, மேலே, மூடியை முட்டிக்கொண்டு கிடந்தது.

அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. மீதிப் படிகளைச் சுவரில் தோளைச் சாய்த்தபடியே இறங்கினாள். கைப்பிடியைப் பிடிக்க இடது கை வரவில்லை. அது கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். தம்பி பேசக் கூடாது என்று உத்தரவு. உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினான், பிறகு கீழே இறக்கிக் காட்டினான். எது என்று கண்ணால் கேட்டான்.

"மிதந்துச்சுடா. என் கண்ணால பார்த்தேன்."

அவள் விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

அவள் சொன்னது பொய்யில்லை. வலது கையில் இருந்தது மூக்கு.

தொண்டை இடது பையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பார்க்காமல் லேபில் கொடுத்த ஒரே குப்பி அதுதான்.