எல்லாப் படகுக்கும் ஒரு பாப்பா

அவள் முதலில் குழந்தையைத் தூக்கிக் காட்டியது வேறு யாருடைய கப்பலுக்கோ.

மேல்தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தனக்குத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கையை ஆட்டினார்.

அவர் இல்லை.

கப்பல் பாம்பன் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. அவள் குழந்தையை இடுப்புக்கு இறக்கினாள்.

"இது சரக்குக் கப்பல், தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரரு இதுலயா வர்றாரு?" என்றார் ராயப்பன். மண்டபத்திலிருந்து அவளை ஏற்றி வந்த ஆட்டோக்காரர். விவரம் கேட்டதும் திரும்பிப் போக மனமில்லாமல் நின்றுவிட்டார்.

"தெரியலண்ணே. போட்டுன்னுதான் சொன்னாரு."

"என்னா போட்டு? சரக்கு ஏத்துறதா, மண்ணு அள்ளுறதா, மீன் புடிக்கிறதா?"

"அவரு எல்லாத்தையும் போட்டுன்னுதாண்ணே சொல்லுவாரு."

அவளும் கேட்டதில்லை. ஒட்டன்சத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது பரிசல் ஒன்றுதான். அதுவும் அணை நிரம்பினால்.

நேற்று மாலை போனில் அவன் குரல் வந்தது. கொல்கத்தாவிலிருந்து கொச்சிக்குப் போகிறோம். நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல் பாம்பனைத் தாண்டுவோம். நிற்க மாட்டோம். நீ பாலத்துக்கு மேலே வந்தால் பாப்பாவைப் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு டவர் இல்லை.

அவன் கப்பலேறியபோது அவளுக்கு ஏழாம் மாதம். இப்போது மகளுக்கு ஐந்து மாதம். உள்ளங்கையளவு திரையில் பார்த்ததோடு சரி. அடுத்த விடுப்பு பொங்கலுக்கு.

பக்கத்து ரயில் பாலத்தின் நடுப்பகுதி கப்பல்களுக்கு வழிவிட்டு மேலே போய் நின்றிருந்தது. அடுத்தது வந்தது.

உடம்பெல்லாம் குழாயும் சேறும்.

"இது தூர் வாருற கப்பல்" என்றார் ராயப்பன்.

அவள் தூக்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் சுக்கான் பிடித்திருந்தவர் அவளையே பார்த்தார். கையில் இருந்த வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனார்.

அவரும் இல்லை.

மூன்றாவதாக ஒரு பாய்மரப் படகு வெள்ளை வெளேரென்று வந்தது. பாயைச் சுருட்டிக் கட்டியிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும்.

அவள் தூக்கினாள். அந்தப் பெண் எழுந்து நின்று முத்தங்களாகப் பறக்கவிட்டாள்.

"தங்கச்சி, அவங்க வெளிநாட்டுக்காரங்க."

"தெரியுதுண்ணே. அந்தம்மா ஆசையாப் பாத்துட்டாங்க. காட்டாம எப்படி?"

நடுவில் ஒரு சின்னப் படகு குறுக்கே புகுந்தது. அதற்கும் தூக்கினாள்.

"அட, அது நண்டு புடிக்கிற வள்ளம். எங்க தெரு அருளப்பன். வாரத்துல ஏழு நாளும் இங்கதான் கெடக்கான். அவனுக்கு எதுக்கு?"

"இருக்கட்டும்ணே."

அருளப்பன் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினார்.

இதற்குள் பாலத்தில் கூட்டம் கூடியிருந்தது. ராமேசுவரத்துக்குப் போகும் வேன்கள் ஓரம் கட்டின. யாரோ ஒரு அம்மாள் அவள் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் வந்தார். "பிள்ளைய உள்பக்கமாப் புடிம்மா" என்றார். போகவில்லை. அவரும் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடல் காலியாக இருந்தது.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"அண்ணே. அவருக்கு எஞ்சின் ரூம்ல வேலை."

ராயப்பன் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அடியில இருந்திருந்தா, மேல நான் நின்னது தெரிஞ்சிருக்காதுல்ல?"

முதலாவது சரக்குக் கப்பல் இப்போது ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. அவள் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அதில்தான் இருந்தாரோ. எண்ணெய்க் கையோடு கீழே குனிந்துகொண்டே போய்விட்டாரோ.

குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்துச் சப்பியது.

அப்போது சங்கு ஊதியது.

ஒரு தடவை இல்லை. நிறுத்தாமல்.

குட்டையாக, குண்டாக, சுற்றிலும் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்று வந்தது.

"டக்கு" என்றார் ராயப்பன். "இழுவைப் படகு. பெரிய பெரிய கப்பலையே கட்டி இழுத்துட்டுப் போயிரும்."

"இத்தனூண்டு இருக்கே."

"இத்தனூண்டுதான். பலம் அப்பிடி."

அவள் இன்னும் தூக்கவில்லை. ஆனால் அதில் இருந்த எல்லாரும் ஏற்கெனவே மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு நின்றார். முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் நின்றார். முன்னால் போன கப்பல்கள் எல்லாம் பாலத்தில் நிற்கும் குழந்தை யாருடையது என்று வயர்லெஸ்ஸில் கேட்டுக்கேட்டு, கடைசியில் சரியான இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

நடுவில் இரண்டு பேர் ஒருவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள்.

எண்ணெய்க் கறை படிந்த பனியன். வெளிச்சத்துக்குக் கூசும் கண்கள். பாலத்தின் ஒரு முனையிலிருந்து தேடிக்கொண்டு வந்தான்.

அவள் தூக்கினாள்.

அவன் தேடுவதை நிறுத்தினான்.

கை ஆட்டவில்லை. இரண்டு கைகளையும் மேலே நீட்டினான். குழந்தையை வாங்கிக்கொள்கிறவனைப் போல.

மகள் கீழே பார்த்தாள். பிறகு கால்களை உதைத்து, எச்சில் ஒழுகச் சிரித்தாள். அது எல்லாரிடமும் சிரிக்கிற சிரிப்புத்தான். யாரும் அவனிடம் அதைச் சொல்லப்போவதில்லை.

இழுவைப் படகு பாலத்துக்கு அடியில் மறைந்தது.

அவள் திரும்பினாள். சாலையின் மறுபக்கம் போக வேண்டும். ராமேசுவரம் பேருந்து ஒன்று நடுவழியில் நின்றிருந்தது. போலீஸ்காரர் அதன் முன்னால் கையை விரித்து நின்றார். ஓட்டுநர் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"ஓடு தங்கச்சி."

ஓடினாள்.

படகு அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. எல்லாரும் இப்போது பின்பக்கம் வந்து நின்றார்கள். அவன் இன்னும் தோளில்தான் இருந்தான். அவனைப் பிடிக்க இப்போது நான்கு பேர்.

அவர்களுக்கு நடுவில், தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் கேப்டன்.

படகை யார் ஓட்டினார்கள் என்று தெரியவில்லை.