சத்தம் பத்தாதுங்க

"சத்தம் பத்தாதுங்க. வேற காட்டுங்க."

ஞானஜோதி மூன்றாவது டைப்ரைட்டரையும் மூடி வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தஞ்சில் பாலக்காடு டவுனில் கடை போட்டவர். இந்த இருபது வருஷத்தில் விலை ஜாஸ்தி என்று முறைத்தவர்களைப் பார்த்திருக்கிறார். கனம் ஜாஸ்தி என்று முனகியவர்களையும் பார்த்திருக்கிறார். சத்தம் பத்தாது என்று ஒரு ஆள் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறார்.

வந்தவர் வடகரப்பதி ஆறுச்சாமிக் கவுண்டர். கூட வந்திருப்பது மகள் சாந்தாமணி. எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். கட்டுரையெல்லாம் டைப் அடித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். ஹாஸ்டல் பேச்சே கிடையாதாம், தினமும் வீட்டிலிருந்துதான் பஸ்ஸில் போய் வருவாளாம். உட்கார்ந்த உடனே கவுண்டர் இத்தனையும் சொல்லிவிட்டார்.

"கவுண்டரே, எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கான்னுதான் கேப்பாங்க. இதைப் பாருங்க, சீமை மெஷின். தொட்டில் பக்கத்துல வெச்சு அடிச்சாலும் குழந்தை முழிக்காது."

"அய்யய்யோ, அது ஆகவே ஆகாதுங்க!" சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார் ஆறுச்சாமி.

ரிப்பன் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஒரு வக்கீல் குமஸ்தா. அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பின்னே? புள்ளை எம்.ஏ. படிக்குதுன்னு ஊருக்கே தெரிய வேண்டாமா? பேசாம கோயில் நோம்பிக்குக் கட்டற மாதிரி மைக் செட்டு கட்டிடுங்க கவுண்டரே!"

ஆறுச்சாமி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஊட்டுக்கும் கெணத்துக்கும் ஒரு கூப்புடு தூரமுங்க. மோட்டார் ஓடறப்பவும் எனக்குக் கேக்கோணுமுங்க. அவ்வளவுதான்."

"அடிக்கப் போறது பொண்ணு. நீங்க எதுக்குக் கேக்கணும்?" என்றார் ஞானஜோதி. நியாயமான கேள்விதானே?

கவுண்டர் கடை மூலையைக் கை காட்டினார். "அங்க கெடக்கறது?"

"அது ஏதோ ஆபீஸ்ல கழிச்சு விட்டது. ஒரு ஆள் தூக்க முடியாது. அடிச்சா காது கிழிஞ்சிடும். புதுசு வாங்க வந்துட்டு அதைப் போய்..."

"அதையே காட்டுங்க."

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, ஞானஜோதி அதை இழுத்து வந்து, கவுண்டர் ஒரு கை கொடுக்க, மேஜை மேல் ஏற்றினார். காகிதம் சொருகினார்.

"அம்முணி, நீ அடி. நா அக்கட்டப் போயி நின்னு பாக்கறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார் ஆறுச்சாமி. எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்று, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். நடுவில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன.

சாந்தாமணி அடித்தாள்.

"கேக்குல அம்முணி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். சாந்தாமணி குனிந்த தலை நிமிராமல் இன்னும் பலமாக அடித்தாள்.

"இன்னுங் கேக்குல!"

"அந்தாளு பவுசுக்கு இந்தப் புள்ளை மானம் போகுது, பாவம்" என்றார் குமஸ்தா.

ஞானஜோதிக்கும் பொறுக்கவில்லை. "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. ஊரார் கேக்கணும்னா ஒரு மெஷின் வாங்கறது? நீயாவது சொல்லக் கூடாதா?"

சாந்தாமணியின் விரல்கள் நின்றன.

"ஊராருக்கு இல்லீங்க."

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"போன வருஷம் வரைக்கும் எங்க ஊட்டுல சத்தமே ஆகாதுங்க. எங்கக்கா பூவாத்தா எம்.ஏ. படிச்சாங்க. அவங்க படிக்கோணும்னு எங்கப்பா ரேடியோவை எடுத்துப் பரண்ல போட்டாரு. கன்னுக்குட்டி கழுத்து மணியைக்கூட அவுத்துட்டாருங்க."

"சரி..." என்றார் ஞானஜோதி.

"ஒரு பேப்பர் போயிருச்சுங்க. அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டாரு. அக்கா ஒண்ணும் பேசுல. உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

குமஸ்தா ரிப்பன் டப்பாவைக் கீழே வைத்தார்.

"'திரும்பப் படிக்குதாட்ட இருக்குது, ஆரும் கிட்டப் போவாதீங்க'ன்னு எங்கப்பா கதவுகிட்டயே காவலுக்கு உக்காந்துட்டாருங்க. என்னைக்கூடப் பேச விடுல. சாயங்காலம் வரைக்கும் உள்ள ஒரு சத்தமும் இல்லீங்க. நல்லாப் படிக்குதுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தாரு. கதவை ஒடச்சுப் பாத்தப்ப உசுரு இல்லீங்க."

 

"அம்முணி! ஏன் நிறுத்திட்டே?" எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அம்முணி!"

ஞானஜோதி சட்டென்று எழுந்தார். சத்தம் அமுங்கட்டும் என்று எல்லா மெஷினுக்கும் அடியில் அவர் கம்பளித் துணி விரிப்பது வழக்கம். மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தனியாகத் தூக்க முடியவில்லை. சொல்லாமலே குமஸ்தா வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். துணியை உருவி எறிந்துவிட்டு, வெறும் பலகை மேல் மெஷினை வைத்தார்கள்.

"இப்ப அடிம்மா" என்றார் ஞானஜோதி.

சாந்தாமணி அடித்தாள். மேஜை அதிர்ந்தது.

ஒரு லாரி உறுமிக்கொண்டு குறுக்கே போனது. அது போன பிறகு பார்த்தால், ஆறுச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"கேக்குது அம்முணி! நிறுத்திராத கண்ணு... நிறுத்திராத!"