ஆடும் கை

என் கணவர் ஆரோக்கியதாஸின் பழைய அனலாக் சிந்தசைசரை ஆன் செய்தால் அரைமணி நேரம் சூடேறிய பிறகுதான் சுருதி நிற்கும். அப்புறமும் லேசாக நழுவும். அதுதான் அழகாம். அந்த நழுவலையும் இப்போது கணினியே செய்துவிடுகிறது. அதனால் ரசிகர்கள் குமிழைத் திருகும் மனிதக் கையைக் கேட்கிறார்கள்.

இவருக்கு நடுக்க நோய். இவர் குமிழைத் தொட்டால் ஸ்வரம் தவிக்கும். அந்தத் தவிப்புக்காகவே ஒரு நிறுவனம் இவரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடவே கூடாதாம்.

போன வாரம் அந்த மாத்திரையை இவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுத்தேன். மறுநாள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வாசித்து முடிப்பதற்குள் நிறுவனத்து ஆள் திரையில் வந்துவிட்டான்.

“மேடம், சாரோட கை இன்னிக்கு மெஷின் மாதிரி இருக்கு. பழைய ஃபீல் இல்ல. கொஞ்சம் பாத்துக்குங்க.”

“நீயெல்லாம் மனுசனாடா?” என்று கத்தி, திரையை அணைத்தேன்.

இன்று காலை ஒளிக்காமல் மாத்திரையை இவர் கையிலேயே கொடுத்தேன். “முழுங்குங்க. ஒப்பந்தம் நாசமாப் போகட்டும்.”

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு நான் சிந்தசைசரைத் துடைக்கப் போனபோது, அதன் மரப்பலகையின் ஓரத்தில் எச்சிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது அதே மாத்திரை.

“என்னங்க இது?”

“எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க, ஜெசிந்தா. பொத்தானை மட்டும் நீ போட்டு விட்டுரு.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஆடுகிற தன் கையை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.